பெட்டிச் சாவி யாரிடம்? ஊர் நாடகக் குழுவைச் சங்கமாகப் பதிவதா, டிரஸ்டாகப் பதிவதா

எங்கள் நாடகக் குழுவின் சொத்து முழுக்க இரண்டு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். ஒன்றில் உடுப்பு: ஜரிகை வைத்த ராஜா அங்கி, அட்டையில் வெட்டித் தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடம் மூன்று, ஸ்திரீபார்ட் சேலைகள், சவுரி முடி. இன்னொன்றில் படுதா, அரிதாரச் சாமான், சலங்கை. ஆர்மோனியம் மட்டும் தனியாகப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி இருக்கும். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். சம்பா அறுத்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், வைக்கோலும் கட்டி முடித்த பிறகு, மாசி மாதத்தில்தான் பெட்டி திறக்கும். அப்போதிருந்து ஆடி வரைக்கும் எங்களுக்கு ராத்திரித் தூக்கம் குறைவு.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பெட்டி எங்கள் நாடக வாத்தியார் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் இருந்தது. போன வருஷம் அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், திருப்பூரில் வேலை பார்க்கிற அவர் மகன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது பெட்டியைக் காட்டிக் கேட்டார்: “அண்ணே, இது அப்பாவோடதா, உங்க எல்லாரோடதுமா? எனக்குத் தெரியலை. நீங்க சொன்னா சரி.” நல்ல மனிதர், சாவியை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கிரீடத்துக்கு வாத்தியார் கைக்காசு போட்டார். சேலை ஊர் வரியில் வாங்கியது. ஆர்மோனியம் சிங்கப்பூரில் இருக்கிற ஒருவர் அனுப்பிய பணத்தில் வந்தது. அது வாத்தியாருக்கா, குழுவுக்கா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் பதிவு செய்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. வந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். டிரஸ்ட் போடு, இரண்டே பேர் போதும், வரி கிடையாது என்றார் ஒருவர். சங்கம்தான் முறை, ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார் இன்னொருவர். சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, பிரிவு 8 கம்பெனியாக, அதாவது லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிந்தால் பெரிய நிறுவனங்கள் நிதி தரும் என்றாள். கணக்கு எழுதுகிறவன் என்பதால் விசாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சில மாதம் அலுவலகங்களுக்கும் ஆடிட்டர்களிடமும் அலைந்து தெரிந்துகொண்டதை, இதே யோசனையில் இருக்கிற மற்ற ஊர்க் குழுக்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பதிவு வேறு, வரி விலக்கு வேறு. டிரஸ்ட் பத்திரம் எழுதியதும் வரி விலக்கு தானாக வந்துவிடாது. அதற்கு வருமான வரித் துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். டிரஸ்ட், சங்கம், பிரிவு 8 கம்பெனி மூன்றும் ஒரே விண்ணப்பத்தைத்தான் போடுகின்றன, ஒரே விலக்கைத்தான் பெறுகின்றன. ஆகவே “எதற்கு வரி குறைவு” என்று பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமே இல்லை. பெட்டி யாருடையது, நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் யார் பேச்சு செல்லும், வருஷா வருஷம் காகிதத்தை யார் எழுதுவது. வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

பதிவே வேண்டாம் என்கிற வழியும் உண்டு. டெல்டாவில் பெரும்பாலான ஊர் நாடகம் அப்படித்தான் நடக்கிறது. கோயில் திருவிழாக் கமிட்டி பணம் வசூலிக்கும், ஊர்ப் பிள்ளைகள் நடிப்பார்கள். பாபநாசம் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கிற பாகவத மேளாவைப் பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் லீவு போட்டுவிட்டு வந்து, வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே விடிய விடிய வேஷம் கட்டுகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு நேர்த்திக்கடன். வருஷத்துக்கு ஒரே நாடகம், ஊரை விட்டு வெளியே போவதில்லை, யாரிடமும் உதவித்தொகை கேட்பதில்லை என்றால் நீங்களும் பதிய வேண்டியதில்லை, அடுத்த வேலையைப் பாருங்கள். வெளியூரில் அச்சாரம் வாங்க ஆரம்பித்து, அந்தப் பணம் ஒரு ஆளின் சேமிப்புக் கணக்கில் விழ ஆரம்பித்தால்தான் சிக்கல். அந்தத் தொகை அவருடைய வருமானமாகவே தெரியும். அவர் காலத்துக்குப் பிறகு அவர் வாரிசுக்கே போகும்.

இந்த மண்ணில் நாடகத்துக்கு நிவந்தம், அதாவது நிரந்தர மானியம் வைத்தது புதிதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு நாளொன்றுக்குத் தூணி நெல், வருஷத்துக்கு 120 கலம் என்று 11-ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். என்ன நாடகம், யாருக்குக் கூலி, எவ்வளவு, எந்த மரக்காலால் அளப்பது, அவனுக்குப் பின் யாருக்கு என்பது வரை அதில் இருக்கிறது. டிரஸ்ட் பத்திரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு அந்தக் கல்வெட்டுத்தான் நினைவுக்கு வந்தது. எழுதி வைத்ததால்தானே ஆயிரம் வருஷம் கழித்தும் அந்தக் கூத்தன் பெயர் நமக்குத் தெரிகிறது.

சரி, டிரஸ்டுக்கு வருவோம். ஒருவர் ஒரு தொகையையோ சொத்தையோ பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி, அதைப் பார்த்துக்கொள்ளச் சிலரை அறங்காவலராக நியமித்து, முத்திரைத்தாளில் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது டிரஸ்ட். நடைமுறையில் இரண்டு பேர் இருந்தாலே தொடங்கிவிடலாம். பதிந்த பிறகு சார்பதிவாளரிடம் வருஷா வருஷம் எதையும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. வருமான வரி சம்பந்தப்பட்ட வேலை மட்டும்தான். தேர்தல் இல்லை, மகாசபை இல்லை. எழுத்து வேலைக்கு ஆள் இல்லாத ஊரில் இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை.

ஆனால் டிரஸ்ட் என்றால் பெட்டி அறங்காவலர்களுடைய பொறுப்பில் போகிறது. நடிக்கிறவர்கள், மிருதங்கம் வாசிக்கிறவர், படுதா இழுக்கிறவர் யாருக்கும் அதில் ஓட்டு இல்லை. எங்கள் குழுவில் 19 பேர். அதில் மூன்று பேரை அறங்காவலராகப் போட்டால், மிச்சம் 16 பேரும் அன்றிலிருந்து அவர்களிடம் வேலை செய்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். ஒத்திகைக்கு வருவது மெல்லக் குறையும். அப்புறம், அறங்காவலர் பதவி ஆயுள் முழுக்க என்று எழுதிவிட்டால், காலப்போக்கில் அது குடும்பத்துக்குள் போய்விடும். பத்திரத்தில் திருத்தம் செய்ய வழி எழுதாமல் விட்டிருந்தால், பிறகு ஒரு வரியை மாற்றக்கூட நீதிமன்றப் படி ஏற வேண்டும். அறங்காவலர் தவறு செய்தால் கேட்பதற்கும் வழி நீதிமன்றம்தான். பொது டிரஸ்டில் அக்கறை உள்ள இரண்டு பேராவது சேர்ந்து, அனுமதி வாங்கி, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். ஊர் நாடகக் குழுவில் யார் அதைச் செய்யப் போகிறார்கள்?

டிரஸ்ட்தான் சரி என்று நான் சொல்லக்கூடிய ஒரு நிலைமை உண்டு. யாராவது நிலம் கொடுத்தால். ஒரு மா நிலத்தைக் கொட்டகை கட்ட எழுதி வைக்கிறேன் என்று ஒரு பெரியவர் முன்வந்தால், அவருக்கு இருக்கிற முதல் பயம், பின்னால் வருகிறவர்கள் விற்றுவிடுவார்களோ என்பது. அதற்குக் கட்டுப்பாடு எழுதி வைக்கத் தோதான வடிவம் டிரஸ்ட். இங்கே இன்னொரு எச்சரிக்கை. டெல்டாவில் திடல் என்று நாம் சொல்கிற இடம் பல ஊரில் கோயில் நிலமாகவோ மடத்து நிலமாகவோ இருக்கும். கோயில் நிலத்தை ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு எடுப்பதென்றால், 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதி வேண்டும். தர்மகர்த்தா வாய் வார்த்தையாகச் சரி என்று சொன்னதை நம்பிக் கம்பி கட்டிக் காங்கிரீட் போட்டுவிடாதீர்கள்.

சங்கம் என்பது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது. குறைந்தது ஏழு பேர் வேண்டும். துணைவிதிகளை எழுதி, செயற்குழுவைத் தேர்ந்தெடுத்து, மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். கலை, பண்பாட்டுக் காரியங்களுக்காகச் சங்கம் அமைக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உறுப்பினர் எல்லாருக்கும் ஒரு ஓட்டு. ராஜபார்ட்டுக்கும் ஒன்று, பபூனுக்கும் ஒன்று. பெட்டி யாருடையது என்று யாராவது கேட்டால் “சங்கத்துடையது” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

இதற்குக் கொடுக்கிற விலை காகிதம். ஆண்டுதோறும் மகாசபை கூட்ட வேண்டும், வரவு செலவு வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும், உறுப்பினர் பட்டியலையும் கணக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். செயலாளர் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் பதிவு செய்துவிட்டு நான்கைந்து வருஷம் ஒன்றுமே தாக்கல் செய்யாமல் விட்ட சங்கங்களை நானே பார்த்திருக்கிறேன். அதில் ஒரு சங்கத்துக்கு வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர் இறந்துபோனார். புதியவரை மாற்றப் போனால், பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை இட்ட பட்டியல் கொண்டுவா என்றது வங்கி. பழைய வருஷங்களை முடித்துவிட்டு வா என்றது பதிவாளர் அலுவலகம். திருவிழா நெருங்கிவிட்டது, பணம் கணக்கில் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. கொட்டகைக்காரருக்கும் மைக்செட்காரருக்கும் கடன் சொல்லி அந்த வருஷம் நாடகம் போட்டார்கள்.

அதனால் நான் சங்கத்தை ஆதரித்தாலும் ஒரு நிபந்தனை வைக்கிறேன். நடிக்காத ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியரோ கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவரோ, மினிட் புத்தகமும் உறுப்பினர் பதிவேடும் எழுதுவதற்கென்றே கிடைக்க வேண்டும். டெல்டா ஊர்களில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். நாம் போய்க் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

வேறொரு பயமும் சங்கத்தைப் பற்றிச் சொல்வார்கள்: தேர்தல் என்றால் கட்சி வரும், சாதி வரும். உண்மைதான், வரும். உறுப்பினர் சேர்க்கையை வாசல் திறந்துவிட்டதுபோல் வைத்தால், தேர்தலுக்கு முந்தின மாதம் ஐம்பது பேர் சந்தா கட்டிச் சேர்ந்து குழுவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அதற்குத் துணைவிதியில் மருந்து இருக்கிறது. குறைந்தது இரண்டு பருவம் ஒத்திகைக்கும் மேடை வேலைக்கும் வந்தவருக்கே ஓட்டு என்று நாங்கள் எழுதியிருக்கிறோம். சுத்துப்பட்டு ஊர்களில் எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம், வேலை செய்தால் ஓட்டு. இந்த ஒரு விதிக்காக மூன்று கூட்டம் பேசினோம். அந்த நேரம் வீண் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

பழைய கதையைப் பார்த்தாலும் எனக்கு இது சரியாகப் படுகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ் நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவை கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து எத்தனை பெரிய நடிகர்கள் வந்தார்கள்! ஆனால் முதலாளி நொடித்தால் கம்பெனியும் கலைந்துவிடும். திருச்சியில் எஃப். ஜி. நடேச ஐயர் 1914-இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபா, தொடங்கியவர் போன பிறகும் இருக்கிறது. சபா என்பது உறுப்பினர்களால் நிற்கிறது. ஒரு ஆள் போனால் அடுத்தவர் வருவார்.

பிரிவு 8 கம்பெனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தில் கலை வளர்ச்சி என்ற நோக்கத்துக்கு வெளிப்படையாகவே இடம் உண்டு. விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில், இரண்டு இயக்குநர் போதும். பெரிய நிறுவனங்களின் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். ஆனால் டிஜிட்டல் கையெழுத்து, வரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் கட்டாயத் தணிக்கை, கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டுப் படிவங்கள், தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். வயல் வேலை நாளில் ஒரு படிவத்தை மூன்று மாதம் மறந்தால் 9,000 ரூபாய். மூன்று ராத்திரி மிருதங்கக்காரர் சம்பளம் அது. சம்பளத்துக்கு நிர்வாகி வைத்து, பல மாவட்டங்களில் பயிற்சி நடத்துகிற அளவுக்கு வளர்ந்த குழு இதை யோசிக்கலாம். ஊர்க் குழுவுக்கு இது பெரிய சட்டை.

இனி வரி. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்ததில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் எல்லார் வாயிலும் இன்னும் 12ஏ, 80ஜி என்றுதான் இருக்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன். 12ஏ என்பது அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு. 80ஜி என்பது நமக்குக் கொடுக்கிறவருக்குக் கிடைக்கிற கழிவு.

12ஏ விண்ணப்பத்தில் நம் நோக்கம் எந்த வகையில் சேரும் என்பதுதான் அடிப்படை. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் என்று சட்டம் தனித்தனியாகச் சொல்கிறது. நாடகம் போடுவது அந்தத் தலைப்புகளில் வராது, “பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கம்” என்ற கடைசி வகையில் வரும். பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுக்கிறோம், ஆகவே கல்வி என்று எழுதலாமா என்று கேட்டேன். கல்வி என்றால் முறையான பள்ளிப் படிப்பு என்று நீதிமன்றங்கள் குறுக்கி வைத்திருப்பதால் அந்த வழி நிற்காது. கடைசி வகையில் வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு வியாபாரம்போல் செய்கிற வேலையின் வரவு, அந்த வருஷ மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருஷத்து விலக்கு போய்விடும்.

இங்கேதான் ஊர் நாடகக் குழுக்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஒரு வருஷத்தில் நன்கொடை 3 லட்சம், டிக்கெட் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 லட்சத்தில் டிக்கெட் 25 சதவீதம். இதைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஆமதாபாத் நகர வளர்ச்சிக் குழும வழக்கில் ஒரு தெளிவு கொடுத்தது: செலவுக்குச் சமமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ வாங்குகிற கட்டணம் வியாபாரமாகாது, நல்ல லாபம் வைத்து வாங்கினால்தான் வியாபாரம், அதற்குத்தான் 20 சதவீத வரம்பு. ஆகவே கொட்டகை, ஒளி ஒலி, நடிகர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, எதிர்பார்க்கிற கூட்டத்தால் வகுத்து டிக்கெட் விலை வைத்து, அந்தக் கணக்குத் தாளையும் பத்திரமாக வைத்திருந்தால் பதில் சொல்லலாம். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, நாடக நுழைவுச் சீட்டு 500 ரூபாய் வரை விலக்குத்தான். நம் ஊரில் யாரும் அதற்கு மேல் வைக்கப் போவதில்லை.

ஆனால் அச்சாரம் வாங்கி வெளியூர்த் திருவிழாக்களுக்குப் போய் ஆடுவதே பிழைப்பாக இருக்கிற குழுவுக்கு நேராகவே சொல்கிறேன்: 12ஏ உங்களுக்குப் பொருந்தாத உடுப்பு. வரவில் பெரும்பகுதி பேசி வாங்கிய கூலி, அதில் லாபமும் இருக்கும். அதைத் தர்ம காரியம் என்று காட்டப் போய் ஒவ்வொரு வருஷமும் மடியில் கனத்தோடு நடக்க வேண்டாம். கலைஞர்களுக்குக் கூலியைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சங்கத்தின் கையில் நிற்கிற மிச்சம் கொஞ்சம்தான். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. நன்கொடை பெரிதாக வந்தால்தான் 12ஏ இல்லாதது உறைக்கும். வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணம் வருமானமாகக் கணக்காகும்.

12ஏ வாங்கிய பிறகு பணத்தைக் கையாள்கிற விதமும் மாற வேண்டும். எங்கள் பழக்கத்தைச் சொல்கிறேன். விடிகாலை மங்களம் பாடி முடிந்ததும், அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, பொருளாளர் மஞ்சள் பையைத் திறந்து ஒவ்வொருவர் கையிலும் ரூபாயை வைப்பார். வெளியூரிலிருந்து வந்த பின்பாட்டுக்காரரும் மிருதங்கமும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் யார் வவுச்சர் எழுதுவது? ஆனால் ஒரு ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அது தர்மத்துக்குச் செலவழித்ததாகக் கணக்கில் ஏறாது. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே நோக்கத்துக்காகச் செலவழித்தாக வேண்டும் என்பது விதி. கொட்டகைக்காரருக்கு 30,000 ரொக்கமாகக் கொடுத்தால் அந்த 30,000 ரூபாயும் செலவாகவே பார்க்கப்படாது. இப்போது கொட்டகைக்கும் மைக்செட்டுக்கும் வங்கி வழியாகவே அனுப்புகிறோம். கலைஞர்களுக்கு வவுச்சரை முந்தின சாயங்காலமே எழுதி வைத்துவிடுகிறேன், விடிகாலையில் கையெழுத்து மட்டும்.

கொட்டகை கட்டப் பணம் சேர்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அதற்கென்று தெரிவித்து ஐந்து வருஷம் வரை சேர்த்து வைக்கலாம். மேடையில் “இன்னார் மகன் இன்னார் நூறு ரூபாய் அன்பளிப்பு” என்று மைக்கில் சொல்கிறோமே, அந்தப் பணத்துக்கும் பெயர் ஊர் எழுதி ரசீது போட வேண்டும். பெயர் விலாசம் இல்லாத நன்கொடை ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டியதற்கு 30 சதவீத வரி. நிர்வாகியே நடிகராக இருந்து, அவர் மனைவி உடுப்புத் தைத்தால், அவர்களுக்குக் கூலி கொடுக்கலாம். வெளியாளுக்குக் கொடுக்கிற அளவு இருக்க வேண்டும், தீர்மானம் எழுதியிருக்க வேண்டும்.

80ஜியைப் பற்றி ஊரில் இருக்கிற எண்ணம் கொஞ்சம் பெரிது. புதிய வரி முறையில் இருக்கிற சம்பளக்காரருக்கு 80ஜி கழிவு கிடையாது. அந்த முறைதான் இப்போது தானாக அமைகிற முறை. பழைய முறையில் இருப்பவருக்கும் கொடுத்ததில் பாதிதான் கழியும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. நம் பக்கம் வருஷத்துக்கு ஒருமுறை ஐயாயிரம் தருகிற அரிசி ஆலைக்காரரோ வாத்தியாரோ இதற்காகத் தருவதில்லை, ஊர்ப் பாசத்தில் தருகிறார்கள். 80ஜி வாங்கிவிட்டால், கொடுத்தவர் பட்டியலை ஒவ்வொரு வருஷமும் மே 31-க்குள் துறைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். அப்படியானால் எதற்கு வாங்குவது? நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு 12ஏ, 80ஜி இரண்டும் கேட்பார்கள். அந்த நிதியில் கலை, பண்பாடு, பாரம்பரியத்துக்கு இடம் உண்டு. மத்திய கலாசார அமைச்சகத்தின் திட்டங்களுக்கு, தொண்டு அமைப்புகளுக்கான அரசின் தர்பன் தளத்தில் பதிவு எண்ணும் வேண்டும். அந்தக் கதவுகளைத் தட்டப் போகிறோம் என்று தீர்மானித்தவர்களுக்கு 80ஜி வேண்டும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

சிங்கப்பூர் ஆர்மோனியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் டெல்டாவில் இது எல்லா ஊருக்கும் உள்ளது. வெளிநாட்டில் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடை இல்லை. அதே மனிதர் சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டால், நம் ஊரில் பிறந்தவரானாலும், அது வெளிநாட்டுப் பணம். அதை வாங்க 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். அதற்கு அமைப்புக்கு மூன்று வயதாகி, அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் திறக்க வேண்டும். ஊர்க் குழுவுக்கு எட்டாத உயரம். “மாமா, நீங்க பணம் அனுப்ப வேண்டாம், லீவுல வந்து ஒரு வேஷம் கட்டுங்க” என்று எங்கள் ஆளுக்குச் சொல்லிவிட்டோம். வருகிறேன் என்றிருக்கிறார்.

12ஏ விண்ணப்பத்தில் காலக் கணக்கு ஒன்று தவறிப் போகிறது. புதிய அமைப்பு வேலை தொடங்கும் முன் விண்ணப்பித்தால் மூன்று வருஷத்துக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். மூன்று வருஷம் இருக்கிறதே என்று பலர் தூங்கிவிடுகிறார்கள். வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, எது முந்தியோ அதற்குள் முறையான பதிவுக்குப் போட்டாக வேண்டும். சிறிய அமைப்புகளுக்கு, அதாவது முந்தின இரண்டு வருஷமும் வருமானம் 5 கோடியைத் தாண்டாதவற்றுக்கு, அதன் பிறகு பத்து வருஷம் கிடைக்கும். துணைவிதியிலோ டிரஸ்ட் பத்திரத்திலோ, அமைப்பைக் கலைத்தால் மிச்சச் சொத்து இதே நோக்கம் உள்ள இன்னொரு தர்ம அமைப்புக்குப் போகும், உறுப்பினர் பிரித்துக்கொள்ள முடியாது என்ற வரியைப் பதிவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பிறகு சேர்ப்பது இரட்டை அலைச்சல்.

எங்கள் முடிவு சங்கம். 12ஏ பிறகு பார்ப்போம். இரண்டு பருவம் கணக்கை ஒழுங்காக எழுதி, அச்சாரப் பணம் எவ்வளவு, நன்கொடை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு ஆடிட்டரிடம் போவதாகத் தீர்மானம். நிலம் கொடுக்க ஒருவர் வந்தால் அந்த நிலத்துக்கு மட்டும் டிரஸ்ட், அதில் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் பதவி வழி அறங்காவலர்கள் என்று எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை இருக்கிறது. எழுத்து வேலைக்குப் பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர் வைத்த ஒரே நிபந்தனை, கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போகக் கூடாது.

முதல் கூட்டத்தை வாத்தியார் வீட்டுத் திண்ணையிலேயே வைத்தோம், அவர் மகனும் வந்திருந்தார். மினிட் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெட்டியில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எழுதினோம். கிரீடம் மூன்று, அதில் ஒன்று விளிம்பு கிழிந்தது. சேலை பதினொன்று. சலங்கை இரண்டு ஜோடி. ஆர்மோனியம் ஒன்று, இரண்டு கட்டை ஒலிப்பதில்லை. கீழே அவர் மகன்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.